பட்டியல் யார் கையில்? செய்தியோடையின் கதை

இணையத்தில் ஒரு பக்கம் மாறியிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். வலையை வடிவமைத்தபோது டிம் பெர்னர்ஸ்-லீ அதில் வேறு வழி எதையும் வைக்கவில்லை. உலாவி கேட்கும், வழங்கி பதில் சொல்லும். கேட்காதவரை வழங்கி வாயைத் திறக்காது. பேப்பர்காரப் பையன் காலையில் வாசலில் எறிந்துவிட்டுப் போகிற ஏற்பாடே கிடையாது. நாமேதான் கடைக்குப் போய் "புது இதழ் வந்தாச்சா?" என்று கேட்க வேண்டும். வரலைன்னா வெறுங்கையோட திரும்பணும், நாளைக்கு மறுபடி போகணும்.

ஆரம்பத்தில் இது பெரிய தொல்லையாக இல்லை, ஏனென்றால் வலையே சின்னது. மொசைக் உலாவியை உருவாக்கிய அமெரிக்காவின் என்.சி.எஸ்.ஏ. மையம், 1993 ஜூனில் 'புதிதாக என்ன?' என்று ஒரு பக்கத்தைத் தொடங்கியது. எங்கே புதுத் தளம் முளைத்தாலும் அதில் ஒரு குறிப்பு வரும். அந்த ஒரு பக்கத்தைப் பார்த்தால் உலகத்தையே பார்த்த மாதிரி. மூன்று வருடம் ஓடியது. அதற்குமேல் ஒரு பக்கத்துக்குள் அடங்குகிற உலகமாக அது இல்லை.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு ஏற்பாட்டையும் நான் ஒரே கேள்வியோடுதான் பார்க்கிறேன். யார் எந்தத் தளத்தைப் பின்தொடர்கிறார் என்ற பட்டியல் யார் கையில் இருந்தது? தொழில்நுட்பக் கட்டுரைகளில் வடிவம், வேகம், வசதி பற்றியெல்லாம் நிறைய எழுதுவார்கள். இந்தப் பட்டியலைப் பற்றி அதிகம் பேச மாட்டார்கள். ஆனால் பின்னாளில் எது பிழைத்தது, எது அறுந்துபோனது என்பதைத் தீர்மானித்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

முதலில் வந்தது மின்னஞ்சல் வழி. 1990களின் நடுவிலேயே யூ.ஆர்.எல்.-மைண்டர் என்று ஒரு சேவை இருந்தது. நீங்கள் ஒரு பக்கத்தின் முகவரியையும் உங்கள் மின்னஞ்சலையும் கொடுத்தால், அது அவ்வப்போது போய்ப் பார்த்து, மாறியிருந்தால் கடிதம் போடும். நல்ல யோசனைதான். ஆனால் 'மாற்றம்' என்றால் என்ன என்று இயந்திரத்துக்குத் தெரியாது. பக்கத்தின் மூலையில் இன்றைய தேதி ஓடிக்கொண்டிருந்தால் அதற்கு அதுவும் மாற்றம்தான். இந்தச் சிக்கல் இன்றைய கருவிகளுக்கும் உண்டு. பட்டியல் இருந்தது நடுவில் நிற்கிற சேவையிடம்.

அடுத்து வந்தது 'புஷ்'. 1996ல் பாயின்ட்காஸ்ட் என்றொரு மென்பொருள். கணினி சும்மா இருக்கும்போது திரையில் செய்தி, பங்குச்சந்தை, வானிலை என்று ஓடவிடும். 1997 மார்ச்சில் அமெரிக்காவின் வயர்டு இதழ் இதையே அட்டைக்கதையாக்கி, இனி உலாவிக்கு வேலை இல்லை என்கிற தொனியில் எழுதியது. அதே மாதத்தில் மைக்ரோசாஃப்ட், சி.டி.எஃப். என்ற 'அலைவரிசை' வடிவத்தை முன்வைத்தது. ரூபர்ட் முர்டாக்கின் நியூஸ் கார்ப், பாயின்ட்காஸ்ட்டுக்கு 45 கோடி டாலர் தருவதாகச் சொன்னது. பேரம் படியவில்லை. இரண்டே வருடத்தில், 1999ல், சுமார் 70 லட்சம் டாலருக்குக் கைமாறியது.

ஏன் விழுந்தது? ஒரு காரணம் அலைவரிசை நெரிசல். ஆபீஸில் நூறு பேர் கணினியில் இது ஓடினால், மெல்லிய இணைய இணைப்பு மூச்சுத் திணறும். பல நிறுவனங்கள் தடையே போட்டன. இதில் வேடிக்கை என்னவென்றால், 'புஷ்' என்று பெயரே தவிர, உள்ளுக்குள் அந்த மென்பொருளும் நொடிக்கொரு தரம் இல்லாவிட்டாலும் மணிக்கொரு தரம் போய்க் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. வலையின் சுபாவம் அப்படி. இன்னொரு காரணம் எனக்கு முக்கியமாகப் படுவது: எந்தெந்த அலைவரிசைகள் இருக்கலாம் என்பதைக் கம்பெனிதான் முடிவு செய்தது. தன் வீட்டு அறையில் உட்கார்ந்து கல்வெட்டு பற்றித் தளம் நடத்துகிற ஒருவர் அதில் அலைவரிசை ஆக முடியாது.

இந்த இடத்தில்தான் நம்ம ஊர் ஐ.ஐ.டி. வருகிறது. ராமநாதன் குஹா, சென்னை ஐ.ஐ.டி.யில் மெக்கானிக்கல் படித்தவர். (மெக்கானிக்கல் படித்துவிட்டு மென்பொருளுக்கு வந்தவர்கள் என் ஆபீஸிலேயே கால்வாசிப் பேர் இருப்பார்கள். இது ஒரு நீண்ட மரபு.) அமெரிக்கா போய், கணினிக்குப் பொது அறிவு ஊட்டப் பார்த்த 'சைக்' திட்டத்தில் வேலை பார்த்தார். பிறகு ஆப்பிளில் எம்.சி.எஃப். என்ற வடிவத்தை உருவாக்கினார். வலைத்தளத்தில் என்ன இருக்கிறது என்பதை, மனிதனுக்கு மட்டுமில்லாமல் இன்னொரு மென்பொருளுக்கும் புரிகிற மாதிரி எழுதிவைப்பது அதன் நோக்கம். 1997ல் நெட்ஸ்கேப்புக்குப் போனார். அங்கே டிம் பிரேயோடு சேர்ந்து அதை எக்ஸ்.எம்.எல்.லுக்குக் கொண்டுவந்தார். அதிலிருந்து ஆர்.டி.எஃப். வளர்ந்தது.

1999 மார்ச்சில் குஹாவும் டான் லிபியும் சேர்ந்து, 'மை நெட்ஸ்கேப்' என்ற முகப்புப் பக்கத்துக்காக ஒரு சின்ன வடிவத்தை வெளியிட்டார்கள். அதுதான் ஆர்.எஸ்.எஸ். 0.90. (இந்த மூன்றெழுத்தைப் பொது இடத்தில் சொன்னால் நம் ஊரில் வேறு விவாதம் கிளம்பிவிடும். 'செய்தியோடை' என்று சொல்வதில் இந்தச் சௌகரியமும் இருக்கிறது.) ஜூலையில் லிபி அதை இன்னும் எளிமைப்படுத்தி 0.91 ஆக்கினார். டேவ் வைனர் 1997 டிசம்பர் முதல் தன் தளத்துக்காக வைத்திருந்த ஒரு வடிவத்தின் கூறுகளும் அதில் சேர்ந்தன.

அந்த வடிவத்தில் என்ன இருந்தது? பெரிதாக எதுவும் இல்லை. தளத்தின் பெயர். பிறகு ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு தலைப்பு, ஒரு சுட்டி, ஒரு சின்னக் குறிப்பு. தேதியும், ஒவ்வொரு பதிவுக்குமான அடையாள எண்ணும் பிந்தைய பதிப்புகளில் வந்தன. ஒரு எக்ஸ்.எம்.எல். கோப்பு, நோட்பேடிலேயே தட்டச்சு செய்துவிடலாம். எழுதுகிறவர் அதைத் தன் தளத்திலேயே ஓர் ஓரமாக வைத்துவிடுவார். வாசகரின் மென்பொருள் மணிக்கொரு முறை வந்து அதை எடுத்துப் போகும், போன முறை பார்த்ததோடு ஒப்பிடும், புதியதை மட்டும் காட்டும். எதுவுமே மாறவில்லை என்றால் வழங்கி முழுக் கோப்பையும் அனுப்பக்கூட வேண்டாம். '304' என்று மூன்று இலக்கம் சொன்னால் போதும். "போன தடவை பார்த்தியே, அதே தான், போ" என்று அர்த்தம்.

இதில் புரட்சி எதுவும் தெரியாது. ஆனால் பட்டியல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நான் பின்தொடரும் தளங்களின் பட்டியல் என் கணினியில் இருக்கிறது. நான் யார், என் மின்னஞ்சல் என்ன என்று அந்தத் தளக்காரருக்குத் தெரியவே வேண்டாம். யாரோ ஒருவர் வந்து கோப்பை எடுத்துப் போனார் என்று வழங்கியின் குறிப்பேட்டில் ஒரு வரி விழும், அவ்வளவுதான். சந்தாப் பட்டியலே இல்லாத சந்தா. நாளைக்கே பிடிக்கவில்லை என்றால் யாரிடமும் சொல்லாமல் ஒரு வரியை நீக்கிவிடலாம். 'தயவுசெய்து போகாதீர்கள்' என்று கடிதம் வராது.

நெட்ஸ்கேப்புக்கு இதில் ஆர்வம் சீக்கிரமே போய்விட்டது. ஏ.ஓ.எல். நிறுவனம் அதை வாங்கிவிட்டிருந்தது. 2001ல் மை நெட்ஸ்கேப்பிலிருந்து இந்த வசதியையும் அதன் ஆவணங்களையும் எடுத்துவிட்டார்கள். பெற்றவர்கள் கைவிட்ட பிள்ளை ஊரார் வீட்டில் வளர்ந்த மாதிரி, வடிவம் வெளியே வளர்ந்தது.

பெற்றவர்கள் முழுதாகக் கைவிடவும் இல்லை என்பது ஆறு வருடம் கழித்துத் தெரிந்தது. 0.91 கோப்பின் தலைப்பகுதியில், இந்த வடிவத்தின் இலக்கணம் இன்ன இடத்தில் இருக்கிறது என்று ஒரு முகவரி எழுதுவது வழக்கம். அந்த இலக்கணக் கோப்பு இருந்த இடம், நெட்ஸ்கேப்பின் வழங்கி. சில வாசிப்பான்கள் ஓடையைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஒழுங்காக அங்கே போய் இலக்கணத்தைச் சரிபார்த்துவிட்டு வந்தன. 2007 ஜனவரியில் நெட்ஸ்கேப் தளத்தைப் புதுப்பித்தபோது அந்தக் கோப்பு காணாமல் போனது. சம்பந்தமே இல்லாத தளங்களின் ஓடைகள் பலருக்குத் திறக்காமல் போயின. கூக்குரலுக்குப் பிறகு கோப்பைத் திரும்ப வைத்து, ஜூலை 1 வரைதான், அதற்குள் மாறிக்கொள்ளுங்கள் என்றார்கள். மென்பொருள் எழுதுகிறவர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய சம்பவம் இது. நடுவில் யாருமில்லை என்று நாம் நினைக்கிற இடத்திலும், எழுதும்போது யோசிக்காமல் போட்ட ஒரு வரி, யாரையாவது நடுவில் உட்கார வைத்துவிடும்.

இடையில் நடந்த சண்டையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ரசிக்கத்தக்கதாக அதில் அதிகம் இல்லை. 2000 டிசம்பரில் ஒரு குழு ஆர்.டி.எஃப்.பைத் திரும்பக் கொண்டுவந்து 1.0 வெளியிட்டது. அந்தக் குழுவில் குஹா இருந்தார். 14 வயதுப் பையன் ஒருவனும் இருந்தான், ஆரன் ஸ்வார்ட்ஸ். அதே மாதம் வைனர் தனியாக 0.92 வெளியிட்டார். 2002ல் 2.0 என்று எண் போட்டு, 2003ல் ஹார்வர்டின் பெர்க்மன் மையத்திடம் அதன் உரிமையை ஒப்படைத்தார். ஒரே சுருக்கெழுத்துக்கு மூன்று விரிவாக்கங்கள்: முதலில் ஆர்.டி.எஃப். சைட் சம்மரி, பிறகு ரிச் சைட் சம்மரி, கடைசியில் ரியலி சிம்பிள் சிண்டிகேஷன். 2004ல் மார்க் பில்க்ரிம் உட்கார்ந்து எண்ணிப் பார்த்து, ஒன்றோடொன்று ஒத்துப்போகாத ஒன்பது பதிப்புகள் இருப்பதாக எழுதினார். வெறுத்துப்போன இன்னொரு கூட்டம் ஆட்டம் என்ற புது வடிவம் செய்து, 2005 டிசம்பரில் முறையான தரமாக்கியது. (அணு என்ற அர்த்தத்தில் ஆட்டம். ஆனால் தமிழில் படித்தாலும் பொருத்தமாகத்தான் இருக்கிறது.) வாசகனுக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. வாசிப்பான் எழுதியவர்கள் எல்லாப் பதிப்புகளையும் படிக்கப் பழக்கிவிட்டார்கள்.

அந்த 0.92ல் வைனர் ஒரு காரியம் செய்தார். பதிவோடு ஓர் ஒலிக்கோப்பை இணைக்க இடம் வைத்தார். பாட்காஸ்ட் உலகம் முழுக்க அந்த ஒரு வரியின் மேல் நிற்கிறது. இன்றைக்கு ஓடை செத்துவிட்டது என்று சொல்கிறவர்கள், பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு கேட்பதும் பெரும்பாலும் ஓர் ஓடையைத்தான்.

தமிழுக்கு வருவோம். 2003, 2004 வாக்கில் தமிழில் வலைப்பதிவுகள் பெருகத் தொடங்கின. 2004ல் காசி ஆறுமுகம் தமிழ்மணம் என்ற திரட்டியைத் தொடங்கினார். பதிவுகளின் ஓடைகளைத் திரட்டி, யார் என்ன புதிதாக எழுதினார் என்று ஒரே பக்கத்தில் காட்டும். அந்தக் காலத்தில் எழுதிய பலருக்கும் காலையில் முதலில் திறக்கிற பக்கம் அதுதான். சமீபத்தில் மறுமொழி பெற்ற இடுகைகளுக்கு அங்கே தனி வரிசை இருந்ததால், சண்டை எங்கே நடக்கிறது என்றும் உடனே தெரிந்துவிடும்!

இதில் பலர் கவனிக்காத ஒரு பக்க விளைவு உண்டு. அப்போது திஸ்கி, இன்னும் பல எழுத்துரு முறைகளிலும் தமிழ்த் தளங்கள் இருந்தன. தளத்துக்குள் அதற்கான எழுத்துருவைப் போட்டுச் சமாளித்துவிடலாம். ஆனால் ஓடையில் போவது வெறும் எழுத்து. எழுத்துரு கூடவே போகாது. வாசிப்பானில் திறந்தால் கோழி கிறுக்கியது போல வரும். ஒருங்குறியில் எழுதினால்தான் தளத்தை விட்டு வெளியே வந்த பிறகும் தமிழ் தமிழாக இருக்கும். ஒருங்குறியை வலியுறுத்திப் பேசிய மேடைப் பேச்சுகள் செய்ததைவிட, திரட்டியில் தன் பெயர் தெரிய வேண்டும் என்ற ஆசை அதிகம் செய்திருக்கும் என்பது என் ஊகம்.

பட்டியலைப் பொறுத்தவரை திரட்டி ஒரு மூன்றாவது ஏற்பாடு. பட்டியல் எழுத்தாளரிடமும் இல்லை, வாசகரிடமும் இல்லை. ஊர்ப் பொதுத் திண்ணையில் எல்லாரும் பார்க்க எழுதி வைத்திருந்தது. பட்டியல் தெரியாத புது வாசகனுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் திண்ணை போனால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போகும். தமிழ்மணம் ஓய்ந்தபோது அதுதான் நடந்தது. அதை மட்டுமே நம்பி வந்துகொண்டிருந்த வாசகர்களிடம் தனிப் பட்டியல் இல்லை.

கூகிள் ரீடர் 2005 அக்டோபரில் வந்து, 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டது. இணையத்தில் இவ்வளவு ஒப்பாரி கேட்ட மென்பொருள் குறைவு. மார்ச்சில் அறிவிப்பு வந்து மூன்று வாரத்துக்குள் ஃபீட்லியில் மட்டும் 30 லட்சம் பேர் புதிதாகச் சேர்ந்ததாக அந்த நிறுவனம் சொன்னது. எல்லாரும் அந்த மரணத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு அந்த இடமாற்றம்தான் ஆச்சரியம். எப்படி முடிந்தது? ஓ.பி.எம்.எல். என்ற கோப்பில் தன் மொத்தப் பட்டியலையும் இறக்கி, வேறு வாசிப்பானில் ஏற்றினால் முடிந்தது வேலை. கடை மாறியது, கணக்கு நோட்டு நம் கையிலேயே இருந்தது. எழுதுகிறவர்கள் யாரும் ஒரு துரும்பையும் நகர்த்த வேண்டியிருக்கவில்லை.

இதை 2021ல் நடந்ததோடு வைத்துப் பாருங்கள். ஃபீட்பர்னர் 2004ல் தொடங்கி, 2007ல் கூகிள் வாங்கிய சேவை. ஓடையை வாங்கி மின்னஞ்சலாக மாற்றி அனுப்புவது அதன் வேலைகளில் ஒன்று. பிளாக்ஸ்பாட் பதிவுகளின் ஓரத்தில் 'மின்னஞ்சலில் தொடர' என்று ஒரு பெட்டி இருக்குமே, பின்னால் இருந்தது இதுதான். வாசிப்பான் எல்லாம் தெரியாத, ஆனால் மின்னஞ்சல் தினமும் பார்க்கிற வாசகர்களுக்கு ஏற்றது. நம்மில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், வரலாற்று ஆர்வமுள்ள பெரியவர்கள் பலர் அந்த வகை. 2021 ஜூலையோடு அந்த மின்னஞ்சல் வசதியை நிறுத்தப்போவதாக ஏப்ரலில் அறிவித்தார்கள். பதிவின் உரிமையாளர் உள்ளே போய், சந்தாதாரர் பட்டியலை இறக்கிக்கொள்ளலாம். நியாயமான ஏற்பாடுதான். உரிமையாளர் இருந்தால்.

பத்து வருடம் முன்பு பதிவு தொடங்கி, வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ கட்டுரை மட்டும் எழுதுகிறவருக்கு அந்த அறிவிப்பு கண்ணில் பட்டிருக்குமா? அப்போது எந்த மின்னஞ்சலில் கணக்குத் தொடங்கினார் என்பதே ஞாபகம் இருக்காது. சிலர் அதற்குள் காலமாகிவிட்டார்கள். வாசகருக்கும் யாரும் தகவல் சொல்லவில்லை, கடிதம் வருவது நின்றது, அவ்வளவுதான். இங்கேதான் மின்னஞ்சல் அறிவிப்பின் ஆதாரக் கோளாறு இருக்கிறது. 'புதிதாக எதுவும் எழுதவில்லை' என்பதற்கும் 'அறிவிப்பு அறுந்துவிட்டது' என்பதற்கும் வாசகர் பக்கத்தில் வித்தியாசமே தெரியாது. இரண்டுமே மௌனம்தான். ஓடையில் அப்படி இல்லை. கேட்பது நம் மென்பொருள் என்பதால், பதில் வராவிட்டால் அதற்குத் தெரியும். '304' என்றால் ஆள் இருக்கிறார், எழுதவில்லை. '404' என்றால் இடமே மாறிவிட்டது, தேடு. வாசிப்பானில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பிழைக்குறி விழும்.

தினமும் பத்துப் பதிவு போடுகிற செய்தித் தளத்துக்கு இது எதுவும் பொருட்டில்லை. அதை மறந்தாலும் எப்படியோ நம்மைத் தேடி வந்துவிடும். ஓடை வேண்டியிருப்பது எப்போதாவது எழுதுகிறவர்களுக்கு. ஒரு நடுகல்லைத் தேடிப் போய், படம் எடுத்து, வாசகத்தைப் படித்து, ஆறு மாதம் கழித்துக் கட்டுரை போடுகிறவர் சமூக ஊடகக் கணக்கில் தினமும் சத்தம் போட மாட்டார். சத்தம் போடாதவரை அந்த ஊடகங்களின் கணக்கு கீழே தள்ளிவிடும். ஆராய்ச்சிக்கு உதவுகிற தளங்களில் பெரும்பாலானவை இந்த ரகம்.

சொல்லை வைத்துத் தேடிச் சொல்லும் அறிவிப்பு தனி வகை. கூகிள் அலர்ட்ஸ் 2003ல் வந்தது. தளம் எது என்று தெரியாதபோது இது நல்லது. தமிழில் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: நம் மொழியில் சொல் தனியாக நிற்காது, வேற்றுமை உருபோடு ஒட்டிக்கொண்டு வரும். அதனால் 'கீழடி' என்று ஒன்று மட்டும் போடாமல் 'கீழடியில்', 'கீழடியின்' என்று தனித்தனியாகப் போட்டு வைப்பது பாதுகாப்பு. முடிவுகளை மின்னஞ்சலாக இல்லாமல் ஓடையாகவும் பெறலாம்.

உலாவிகள் கைகழுவிவிட்டன என்பது உண்மை. ஃபயர்ஃபாக்ஸ் 2018 டிசம்பரில் ஓடை வசதியை எடுத்துவிட்டது. ஆரஞ்சு நிறச் சின்னம் தளங்களிலிருந்து மறைந்தது. ஆனால் சின்னம் மறைந்த இடத்திலெல்லாம் கோப்பும் மறைந்துவிடவில்லை. பிளாக்ஸ்பாட், வேர்ட்பிரஸ் பதிவுகள் கேட்காமலே ஓடை தருகின்றன. யூடியூப் 2020 ஆகஸ்டில் மின்னஞ்சல் அறிவிப்பை நிறுத்தியது, ஆனால் ஒவ்வொரு சேனலுக்கும் ஓடை இருக்கிறது. விக்கிப்பீடியாவில் எந்தக் கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்துக்கும் ஆட்டம் ஓடை உண்டு. தமிழ் விக்கியில் ஒரு மன்னரின் ஆட்சி ஆண்டை யாராவது மாற்றினால் உடனே தெரிந்துகொள்ளலாம். அரசுத் துறைத் தளங்கள் பலவற்றில் ஓடை இல்லை. அவற்றுக்கு நான் பழைய யூ.ஆர்.எல்.-மைண்டர் வழியையே வைத்திருக்கிறேன்: வீட்டுக் கணினியில் ஒரு சின்ன நிரல், இரவில் போய்ப் பக்கத்தை எடுத்து, தேதி, எண்ணிக்கை போன்ற ஓடும் பகுதிகளை வெட்டிவிட்டு, நேற்றையதோடு ஒப்பிடும். போக முடியவில்லை என்றால் அதையும் சொல்லும்படி எழுதியிருக்கிறேன். அந்தக் கடைசி வரிதான் முக்கியம்.

2021க்கு முன்னால் ஏதாவது தமிழ்ப் பதிவுக்கு மின்னஞ்சல் கொடுத்துவிட்டு, அதன் பிறகு ஒன்றும் வரவில்லையே, எழுதுவதை விட்டுவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டிருந்தால், ஒருமுறை நேரே போய்ப் பாருங்கள். எழுதிக்கொண்டுதான் இருப்பார். ஓடையின் முகவரியைத் தேடி அலைய வேண்டாம். பதிவின் முகப்பு முகவரியை வாசிப்பானில் கொடுத்தால், பெரும்பாலும் ஓடை எங்கே இருக்கிறது என்று அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். சேர்த்து முடித்ததும் ஓ.பி.எம்.எல். கோப்பை ஒருமுறை இறக்கி, வேறு எங்காவது ஒரு பிரதி வைத்துவிடுங்கள்.